சீஸ்கோப் தேடல் முடிவுகளைச் சலிப்பது எப்படி?

கேள்வி:
லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நினைவகம் ஒதுக்கும் 'கேமல்லாக்' செயற்கூறை யார் யார் அழைக்கிறார்கள் என்று, நிரல் மூலத்தில் தேட உதவும் கருவியான சீஸ்கோப்பில் தேடினேன். முடிவில்லாமல் வரிகள் கொட்டுகின்றன. எனக்கு வேண்டியது மெமரி தொடர்பான சில கோப்புகள் மட்டும். டிரைவர்ஸ் அடைவிலிருந்து வரும் வரிகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. நேற்று இரவு ஸ்பேஸ் பட்டனைத் தட்டியே கட்டைவிரல் வலிக்கிறது.

பதில் 1:
முடிவுகள் திரையில் இருக்கும்போதே ^ குறியை அழுத்துங்கள். ஷெல் கட்டளை கேட்கும். வரிகளைத் தேடும் கட்டளையான கிரெப்பை, பொருந்தும் வரிகளை விலக்கும் 'வி' விருப்பத்தோடு (grep -v) கொடுத்து, டிரைவர்ஸ் பாதையை எழுதினால் அந்த வரிகள் உதிர்ந்துவிடும்.

பதில் 2:
அதற்கு முன்னால் > அழுத்தி முழுப் பட்டியலையும் ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். சலித்தபின் பழையபடி திரும்ப வழியில்லை. < அழுத்தினால் சேமித்தது மீண்டும் வரும். இதை நான் ஒரு மதியத்தைத் தொலைத்துத்தான் கற்றேன்.

கேட்டவர்:
ஐயா, வேலை செய்கிறது! பட்டியல் ஒரே திரையில் அடங்கிவிட்டது. பத்து வருடமாக இந்தக் கருவியோடு குடித்தனம் நடத்துகிறேன், ^ குறியை ஒருநாளும் தொட்டதில்லை. கேள்விக்குறியை அழுத்தினால் உதவிப் பக்கம் வரும் என்பதும் இன்றுதான் தெரிந்தது.

பதில் 2:
அதில்தான் நானும் படித்தேன், மதியம் போனபிறகு.