அறுவை அரங்கத் துணி: துவைப்பதா, எறிவதா?

கேள்வி (செவிலியர், திருமங்கலம்):
கிருமிநீக்கிப் பயன்படுத்தும் பச்சைத் துணிகளுக்குப் பதிலாக, ஒருமுறை உடுத்தி எறியும் அங்கிகளை வாங்க எங்கள் மருத்துவமனையில் ஆலோசிக்கிறார்கள். வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டின்படி (ஒரு பொருள் உருவாவது முதல் கழிவாவது வரை சுற்றுச்சூழலுக்கு ஆகும் பாதிப்பைக் கணக்கிடும் முறை) இது சரியா?

மறுமொழி 1:
மூலப்பொருள் எடுப்பதிலிருந்து கழிவை எரிப்பது வரை முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும், அம்மா. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமமே இதற்குச் சான்று: 2017இல் வெளியான ஆய்வின்படி, அங்கு பாக்கோ முறையில் (புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சி எடுப்பது) செய்யும் ஒரு கண்புரை அறுவைச் சிகிச்சையின் கரியமிலத் தடம் (அதனால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களின் அளவு, கரியமில வாயுக் கணக்கில்) ஏறத்தாழ 6 கிலோ, பிரிட்டனில் ஆவதில் இது சுமார் 5 சதவீதமே. கருவிகளைக் கிருமிநீக்கி மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது அதற்கு முக்கியக் காரணம்.

மறுமொழி 2 (மருத்துவக் கருவிப் பொறியாளர், மேலூர்):
உடன்படுகிறேன். ஆனால் ஆட்டோகிளேவை (நீராவியால் கிருமிநீக்கும் கருவி) பாதி காலியாக ஓட்டினால், ஒவ்வொரு துணிக்கும் ஆகும் மின்சாரம் கணிசமாகக் கூடி, கிடைத்த நன்மையைத் தின்றுவிடும்.

செவிலியர்:
மிக்க நன்றி, ஐயா. இங்கு மாலைச் சுற்று பெரும்பாலும் அரைகுறையாகத்தான் ஓடுகிறது. அதைக் காலைச் சுற்றோடு சேர்க்கக் கேட்கிறேன்.