சீரியல் செட்டும் கதிரின் மோட்டாரும்

ஆச்சி வீட்டுப் பிள்ளைகள் (வாட்ஸ்அப் குழு)

சனிக்கிழமை

அம்மா (காலை 9.40): கதிருக்கு அடுத்த வாரம் மின்னோட்டவியல் தேர்வு. நேற்று ராத்திரி இரண்டு மணி நேரம் வீடியோ பார்த்தான். தொடரிணைப்பு எது, பக்க இணைப்பு எது என்று கேட்டால் திருதிருவென முழிக்கிறான். நல்ல வெப்சைட் தெரிந்தால் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் இன்னும் நல்லது.

கதிர்: வரையறை தெரியும் அம்மா. கணக்கும் போடுவேன். ஏன் அப்படி ஆகிறது என்றுதான் புரியவில்லை.

நிலா: அத்தை, வீடியோ ஓடும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். மூடியதும் போய்விடும். முதல் வருடம் எனக்கும் இதே கதை. கையால் மாற்றிப் பார்க்கிற தளம்தான் அவனுக்கு வேண்டும்.

சித்தி: அப்படியென்றால் ஃபெட் (PhET) தளம். அமெரிக்காவில் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் நடத்துகிறது. 2001இல் இயற்பியல் நோபல் வாங்கிய கார்ல் வீமன் அடுத்த வருடம் தொடங்கியது. காசு கிடையாது. மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. என் வகுப்பில் புரொஜெக்டரில் இதைத்தான் போடுகிறேன். கதிர், மின்சுற்று அமைக்கிற பக்கத்தைத் திற. ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒயர் எடுத்து இணை. மின்னோட்டத்தை அளக்கிற அம்மீட்டர் என்ன காட்டுகிறது?

கதிர் (10.25): 0.90 ஆம்பியர். பேட்டரி 9 வோல்ட், பல்பு 10 ஓம்.

சித்தி: அதே வரிசையில் இன்னொரு பல்பைச் சேர்.

கதிர்: 0.45. இரண்டும் மங்கிவிட்டன. ஆனால் சித்தி, மின்னோட்டம் பாதிதானே ஆனது? வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விட்டதே!

சித்தி: நல்ல கேள்வி. திறன் என்பது மின்னோட்டத்தின் இருமடியை (வர்க்கத்தை) மின்தடையால் பெருக்குவது. மின்னோட்டம் பாதியானால் ஒரு பல்பின் திறன் கால் பங்காகும். 8.1 வாட் எரிந்தது இப்போது 2 வாட் சொச்சம். அடுத்து பக்க இணைப்பு போடு, ஒவ்வொரு பல்பையும் தனித்தனி ஒயரில் பேட்டரியோடு இணை.

கதிர்: இரண்டும் பழையபடி பளிச்சென்று எரிகின்றன. ஒன்றைக் கழற்றினாலும் மற்றது அணையவில்லை. வீட்டு லைட் மாதிரி!

மாமா: வீட்டு வயரிங் எல்லாமே பக்க இணைப்புதான் மாப்பிள்ளை. தொடரிணைப்புக்குப் பேரே நம்ம சீரியல் செட். கோயில் கொடைக்குக் கட்டுவோமே, அந்தப் பழைய செட்டில் 6 வோல்ட் பல்பு 40 பக்கம் ஒரே வரிசையில் இருக்கும். 230 வோல்ட்டை அத்தனையும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று ஃபியூஸ் ஆனால் வரிசையே அணைந்துவிடும். கடையில் சீரிஸ் போர்டும் அதே விஷயம்தான். ரிப்பேர் பார்த்த அயர்ன்பாக்ஸை 100 வாட் குண்டு பல்போடு தொடராக மாட்டுவேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஃபியூஸ் போகாது.

கதிர்: பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் ஒயரால் இணைத்துப் பார்த்தேன். திரையில் பேட்டரி தீப்பிடித்துவிட்டது!

மாமா: அதைத் திரையோடு நிறுத்திக்கொள். பிளக் பாயிண்ட்டில் எந்தச் சோதனையும் கூடாது. நிஜத்தில் செய்ய ஆசை வந்தால் 1.5 வோல்ட் செல், அவ்வளவுதான்.

நிலா: நிஜத்தில் செய்ய அரவிந்த் குப்தாவின் தளம் பார், கதிர். கான்பூர் ஐஐடியில் படித்தவர், 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர். குப்பையில் போடுகிற பொருளில் பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தருவதே அவருடைய வாழ்நாள் வேலை. புத்தகங்களும் இலவசமாக இருக்கின்றன. அதில் ஒரு குட்டி மோட்டார் உண்டு. ஒரு செல், இரண்டு ஊக்கு, சைக்கிள் டியூப் துண்டு, காந்தம், காயில் (வளையம்) சுற்ற இனாமல் ஒயர், அதாவது கரண்ட் கடத்தாத பூச்சு போட்ட செம்புக் கம்பி போதும்.

மாமா: இனாமல் ஒயர் கடையில் கிடக்கிறது. சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்.

சித்தி: நிலா, எனக்கும் ஒன்று சொல்லேன். மதிப்பெண் பட்டியல் போட லிப்ரே ஆஃபீஸ் கால்க் என்கிற அட்டவணை மென்பொருளைக் கற்க வேண்டும்.

நிலா: ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியல், அத்தை. சின்னச் சின்னப் பாடங்கள், தமிழ்க் குரலிலேயே உண்டு. பக்கத்தில் கால்க்கையும் திறந்துவைத்து, நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள். பைத்தான், லினக்ஸ் என்று போக நினைத்தால் கணியம் தளத்தில் தமிழ்க் கட்டுரைகள் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை

கதிர் (மாலை 4.50): (வீடியோ, 9 விநாடி) மாமா, சுற்றவே இல்லை. ஆடுகிறது, நின்றுவிடுகிறது. செல் புதுசு, காந்தமும் நல்ல காந்தம்.

மாமா: காயிலின் இரண்டு முனையிலும் இனாமலை முழுக்கச் சுரண்டிவிட்டாயா?

கதிர்: ஆமாம். நன்றாகக் கரண்ட் போகட்டும் என்று.

மாமா: அங்கேதான் விஷயம். ஒரு முனையை முழுக்கச் சுரண்டு, மறு முனையில் ஒரு பக்கத்தை மட்டும். இரண்டும் முழுக்கச் சுரண்டியிருந்தால் முதல் அரைச் சுற்றில் காந்தம் முன்னே தள்ளும், அடுத்த அரைச் சுற்றில் பின்னே இழுக்கும். அதனால்தான் ஆடுகிறது. பாதி இனாமல் இருந்தால் அந்த இரண்டாவது பாதியில் கரண்ட் நிற்கும், போன வேகத்திலேயே காயில் தாண்டிவிடும். பெரிய மோட்டாரில் இந்த இடத்தில் கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷ்ஷும் இருக்கும். அங்கே கரண்டை நிறுத்தாமல் திசையையே மாற்றிவிடும். மிக்ஸியில் தேய்ந்ததும் மாற்றுவேனே, அந்தக் கார்பன்தான்.

அம்மா: புது காயில் சுற்ற உட்கார்ந்துவிட்டான். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை அண்ணா.

கதிர் (6.35): (வீடியோ, 22 விநாடி)

சித்தி: அடடா, என்ன வேகம்! அந்த வீடியோவை நாளைக்கு வகுப்பில் காட்டப்போகிறேன்.

ஆச்சி: (குரல் செய்தி) ஏலேய், ஊக்குல நிக்குதே, அதுவா சுத்துது? என் ராசா!

கதிர்: மாமா, ஒரு சந்தேகம். செல்லைக் கழற்றிவிட்டு காயிலைக் கையால் சுற்றினால் கரண்ட் வருமா?

மாமா: வரும். ஆனால் அந்தக் குட்டிக் காயிலில் ரொம்பக் கொஞ்சம், பல்பு எரியாது. பழைய சைக்கிள் டைனமோ ஒன்று பரணில் கிடக்கிறது. தேர்வு முடிந்ததும் வா, பிரித்துப் பார்ப்போம்.