நிறுவனம் ஏற்பாடு செய்யும் உடற்பரிசோதனை: முழு அறிக்கையையும் நிர்வாகத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி (கோயம்புத்தூர்)

வணக்கம். என் தம்பி பணிபுரியும் நிறுவனம் ஆண்டுதோறும் ஊழியர்களுக்கு உடற்பரிசோதனை நடத்துகிறது. இவ்வாண்டு படிவத்தில், தற்போது உட்கொள்ளும் மருந்துகள் என்ற கட்டத்தில், மனச்சோர்வுக்கான மாத்திரையின் பெயரை அவன் மறைக்காமல் எழுதியிருக்கிறான். மருத்துவமனையோ அறிக்கையை அவனிடம் தராமல் நேரே மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவிட்டது. அடுத்த வாரமே மேலாளர், சக ஊழியர்கள் இருக்கும்போது, "அந்த மாத்திரை போட்டுக்கொண்டு இரவுப் பணி பார்க்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். இதற்குச் சட்டத்தில் இடமுண்டா? வேலைக்குப் பங்கம் வராமல் என்ன செய்யலாம்?

பதில் 1 (வழக்கறிஞர்)

பரிசோதனைக் கட்டணத்தை நிறுவனம் செலுத்தியது என்பதால் அறிக்கை நிறுவனத்தின் உடைமை ஆகிவிடாது. நீதிமன்ற ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் ஆகிய சூழல்கள் தவிர, சிகிச்சையின்போது அறிந்த நோயாளியின் இரகசியங்களை மருத்துவர் வெளியிடக் கூடாது என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் கூறுகின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23ஆம் பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்கு இரகசியக் காப்பை உரிமையாகவே வழங்குகிறது. பரிசோதனை மட்டும் செய்த மருத்துவமனை அப்பிரிவுக்குள் வருமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. ஆகவே உங்கள் தம்பி கையொப்பமிட்ட சம்மதப் படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பதில் 2 (மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் பணிபுரிபவர்)

அந்தப் படிவத்தின் அடியில், பெரும்பாலும் சிறிய எழுத்தில், "அறிக்கையை நிறுவனத்துக்கு வழங்கச் சம்மதிக்கிறேன்" என்ற ஒரு வரி இருக்கும். வரிசையில் நிற்பவர் யாரும் அதைப் படிப்பதில்லை. முறையாக நடக்கும் இடங்களில் நிர்வாகத்துக்குப் போவது "பணிக்குத் தகுதியானவர்" என்ற சான்றிதழ் மட்டுமே. இரத்தப் பரிசோதனை முடிவுகளும் மருந்து விவரங்களும் ஒட்டிய உறையில் ஊழியரிடமே தரப்படும். இரண்டையும் ஒரே கோப்பாக மின்னஞ்சலில் அனுப்புவது சோம்பல். அதன் விளைவை ஊழியர் சுமக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. படிவத்தின் நகலையும் முழு அறிக்கையையும் கேட்டு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பியுங்கள். மேற்சொன்ன விதிமுறைகளின்படியே 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட ஒப்புகை வாங்க மறக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு உதவுமா?

பதில் 3 (வழக்கறிஞர்)

எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். அதுவரை, மருத்துவப் பதிவுகளைக் கூருணர்வுத் தரவு (கூடுதல் பாதுகாப்புத் தேவைப்படும் தனிப்பட்ட தகவல்) என்று பெயர் குறித்தே காக்கும் 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளைத்தான் நாட வேண்டும். புதிய சட்டத்தில் உடல்நலத் தரவுக்கென அத்தகைய தனி வகை இல்லை. அதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

இப்போது மனிதவளப் பிரிவுக்கு ஒரு கடிதம் போதும். பணித்தகுதிச் சான்றிதழைத் தவிர மற்றப் பக்கங்களைப் பணிக்கோப்பிலிருந்து நீக்கவும், அவற்றை யார் யார் பார்த்தார்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும் கேளுங்கள். மேலாளர் பேசிய நாளையும் உடனிருந்தவர்களையும் தம்பி இன்றே குறித்து வைக்கட்டும். பணிமாற்றமோ நீக்கமோ பின்னால் நிகழ்ந்தால் அந்தக் குறிப்பு சான்றாகப் பயன்படும்.