பாலக்கோடு சாலையோரப் பழைய சத்திரம்: இடிக்கும் முன் எப்படிப் படம் எடுப்பது, காப்பாற்ற வழி உண்டா?

தொப்பையாறு கேட்டது:

வணக்கம்ங்க. தர்மபுரியிலிருந்து பாலக்கோடு வழியா ராயக்கோட்டை போகிற பழைய சாலையோரம் ஒரு சத்திரம் பூட்டு உடைஞ்சு கிடக்கு. முன்னால கருங்கல் தூண் வெச்ச திண்ணை, நடுவுல முற்றம். பின்கட்டுல மரச்சட்டம் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம், தாழ்வாரத்துக்கு மங்களூர் ஓடு. பின்கட்டுல ஒரு அறையோட தளம் உள்ளே விழுந்துடுச்சு. அதை வெச்சு மொத்தக் கட்டடமும் ஆபத்துன்னு இடிக்கப் பேச்சு நடக்குது.

கையில ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா, 18-55 லென்ஸ், டிரைபாட் இருக்கு. யார்கிட்ட அனுமதி கேட்கணும்? இடிக்க வேண்டாம்னு பேசும்போது எடுபடுகிற படம் எப்படி இருக்கணும்? முகப்பு வடக்கு பார்த்தது, எப்பவும் நிழல்ல இருக்கு. அதுக்கு என்ன செய்யலாம்?

புல எண் சொன்னது:

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் அ-பதிவேட்டு விவரம் வரும். பட்டா நிலமா, புறம்போக்கா என்பது அதில் தெரிந்துவிடும். ஊர் நத்தத்துக்குள் இருந்தால் வி.ஏ.ஓ.விடம் நேரில் கேட்பது நல்லது. சத்திரம் என்பதால் இன்னொன்றும் விசாரிக்க வேண்டும்: பழைய அறக்கட்டளைச் சொத்தாக அறநிலையத் துறையின் கீழ் இருக்கலாம், ஊராட்சிப் பொறுப்பிலும் இருக்கலாம். யார் பெயரில் இருக்கிறதோ அவர்களிடம் தேதி, நேரம், வருபவர் பெயர்கள் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். பூட்டு உடைந்து கிடப்பது அனுமதி ஆகாது. அத்துமீறி நுழைந்ததாகப் புகார் வந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 329ஆம் பிரிவைத்தான் முதலில் காட்டுவார்கள்.

ஊர்க்காரர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாழடைந்த இடத்தில் டார்ச்சும் அளவு நாடாவுமாக யாராவது நின்றால் புதையல் தோண்ட வந்தவர் என்றுதான் சந்தேகம் வரும். பகலில், ஊர்க்காரர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு எடுங்கள்.

ராயக்கோட்டைக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அப்படிப்பட்ட இடங்களில் டிரைபாட் விரிக்கவே தனி அனுமதி வேண்டும். அவற்றின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. உங்கள் சத்திரம் அதற்குள் வராது என்றே நினைக்கிறேன், ஆனாலும் வரைபடத்தில் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெயில்நிழல் சொன்னது:

வடக்கு முகப்பைப் பற்றி. நம்ம மாவட்டம் ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கு. அதனால ஏப்ரல் 22 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 20 வரை உச்சிவெயிலே வடக்குப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஆனா மதியம் எடுக்காதீங்க, சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல நிக்கும், தாழ்வாரத்து நிழல் திண்ணை முழுக்க விழும். ஜூன் மாதம் காலை 7 முதல் 8.30, மாலை 4.30 முதல் 6 வரை வெயில் முகப்பை உரசிக்கிட்டுப் போகும். கல் தூணோட உளித்தடம், காரை வெடிப்பு எல்லாம் அப்பத்தான் எழும்பி வரும். செப்டம்பர் 23க்கு அப்புறம் மார்ச் 21 வரை அந்தச் சுவரில் நேர் வெயிலே படாது. அந்த மாசங்கள்ல லேசா மேகம் மூடின நாளைப் பிடிங்க. வெயில் நாள்ல நிழல் முகப்புக்குப் பின்னால வானம் பளிச்சுன்னு இருந்தா எந்த எக்ஸ்போஷரும் சரியா வராது.

18 எம்எம் போதும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ரா ஃபைல், 2 விநாடி டைமர், டிரைபாட்ல இருக்கும்போது ஸ்டெபிலைசர் அணைச்சு வைங்க. கேமராவை மேல தூக்கிச் சாய்க்காதீங்க. சாய்ச்சா சுவர்கள் உச்சியில ஒண்ணை நோக்கி ஒண்ணு சாயும், அந்தப் படத்தை வெச்சு எந்த அளவும் எடுக்க முடியாது. பின்னால தள்ளிப் போய் மட்டமா எடுத்துட்டு, கீழே வருகிற தரையை வெட்டிக்கலாம். இருட்டு அறையில இருந்து முற்றத்தைப் பார்க்கும் கோணத்துக்கு ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பாகிற அளவு) இடைவெளியில 5 படம் எடுத்து இணைக்கலாம். இணைச்சதுல ஈரக்கறையோட நிறம் மாறாம இருக்கணும். கறை கறையாத் தெரியணும், அதுதான் ஆதாரம்.

ஒவ்வொரு சுவருக்கும் ஒரு அளவுகோல் வேணும். ஒரு மீட்டர் மரச்சட்டத்தில் 10 செ.மீ.க்கு ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை அடிச்சா முடிஞ்சுது. அதைச் சுவரோட ஒட்டி நிறுத்துங்க. அரை மீட்டர் முன்னால நின்னாக்கூட அது பெருசாத் தெரிஞ்சு சுவர் சிறுசாயிடும். அறைகளுக்கு எண் போட்டு ஒரு தாள்ல படம் வரைஞ்சுக்குங்க. ஒவ்வொரு அறையிலும் நாலு மூலையிலும் நின்னு எதிர்மூலையைப் பார்த்து ஒண்ணு ஒண்ணு. ஃபைல் பேர்ல அறை எண், திசை, தேதி இருக்கட்டும்.

முகப்பை முப்பரிமாண மாதிரியாச் செய்யணும்னா சுவர்லேர்ந்து 3 மீட்டர் தள்ளி நின்னு, ஒவ்வொரு படத்துக்கும் 1 மீட்டர் பக்கவாட்டில் நகருங்க. 18 எம்எம்ல ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் முக்கால் பங்கு பொதுவா இருக்கும், அது போதும். ஒரே இடத்தில் நின்னு கேமராவை மட்டும் திருப்பினா மென்பொருளுக்குத் தூரமே புரியாது. ஜூம் வளையத்தை டேப் போட்டு ஒட்டிடுங்க. ஃபோகஸ், எக்ஸ்போஷர் ரெண்டையும் பூட்டுங்க. இந்த மாதிரியை உருவாக்கற மெஷ்ரூம் மென்பொருள் இலவசம்தான், என்விடியா கார்டு இருக்கிற கணினி வேணும்.

தூண்ல எழுத்து இருந்தா சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. குடையால நிழல் கட்டி, டார்ச்சைக் கல்லோட ஒட்டி 10-15 டிகிரியில பக்கத்திலிருந்து அடிங்க. நாலு பக்கமும் மாத்தி மாத்தி நாலு படம். ஒரு பக்கத்து வெளிச்சத்துல மறையும் கீறல் இன்னொண்ணுல தெரியும்.

கடுக்காய்ச்சாறு சொன்னது:

படத்தை விட உயிர் பெரிது. மேல்தளத்தில் ஏறவே ஏறாதீர்கள்.

மெட்ராஸ் டெரஸில் மரச்சட்டங்களுக்கு மேல் சிறு செங்கலைக் குத்தாக நிறுத்தி, அதன் மேல் சுண்ணாம்புச் சல்லிக் காரையை இடித்துக் கெட்டியாக்கி, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். பெரும்பாலும் அது சாவது நடுவில் அல்ல, சட்டத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தில். தூம்பு (தளத்து மழைநீர் வெளியேறும் வழி) அடைத்து மழைநீர் தேங்கினால் சுவர் ஊறும், முனை மக்கும், பின்னாலேயே கறையான் வரும். கீழே நின்று பார்த்தால் சட்டம் முழுசாகவே தெரியும்! உங்கள் பின்கட்டு அறையும் அப்படித்தான் விழுந்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு சட்ட முனைக்கும் எண் கொடுத்து நெருக்கத்தில் படம் எடுங்கள். ஈரக்கறை, கறையான் மண்தடம், நடுத்தொய்வு, கீழே உதிர்ந்த சுண்ணாம்புத் தூள், எல்லாம் தெரிய வேண்டும். விழுந்த தளத்தை ஒட்டிய அறைக்குள் போகாமல் வாசலில் நின்றே எடுங்கள்.

‘ஆபத்தான கட்டடம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு இதுதான் பதில். ஒரு அறை விழுந்தது என்பதையும் மற்ற அறைகளின் சட்டம் உறுதியாக இருக்கிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் பொறியாளருக்கு இடிக்கப் பரிந்துரைக்க வேண்டிய கட்டாயம் குறைகிறது. சுவர் வெடிப்பின் இரு கரையிலும் பென்சில் கோடு போட்டு, தேதி எழுதி, அகலத்தை அளந்து எடுங்கள். மழைக்குப் பின் மீண்டும் அதே இடம். அகலம் மாறவில்லை என்றால் அது பழைய வெடிப்பு. தூக்குக்குண்டு தொங்கவிட்டுச் சுவரின் சாய்வையும் பதிவு செய்யுங்கள்.

காலத்தைச் சொல்ல ஓட்டின் முத்திரையைத் தேடுங்கள். மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை 1865இல்தான் தொடங்கியது, எனவே ஓடு அதற்குப் பிந்தியது. இரும்புத் தூலத்தில் டாடா முத்திரை இருந்தால் அது 1912க்குப் பிந்தியது. ஓடும் தூலமும் பின்னால் மாற்றியவையாகவும் இருக்கலாம். திண்ணைக் கல்வேலையைத் தனியாகவே மதிப்பிட வேண்டும்.

உள்ளே வௌவால் எச்சம் காய்ந்து கிடந்தால் என்95 முகக்கவசம் இல்லாமல் நுழையாதீர்கள், அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். வளைவுகளில் மலைத்தேனீ அடை இருந்தால் அந்தப் பக்கம் வேண்டாம். கணுக்கால் மூடிய காலணி, தட்டிப் பார்க்க ஒரு கம்பு, கூட ஒரு ஆள். கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் செங்கல் குவியலில் படுக்கும். கடித்தால் 108, நேராக அரசு மருத்துவமனை.

தொப்பையாறு:

ரொம்ப நன்றிங்க. ட்ரோன் விடலாமா? அடுத்த மழைக்குள்ள உடனடியா என்ன செய்யணும்? சிமெண்டு பூசினா தாங்கும்னு ஒரு கொத்தனார் சொல்றார்.

கடுக்காய்ச்சாறு:

சிமெண்டு வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சும் ஈரத்தைத் திரும்ப வெளியே விடும். மேலே சிமெண்டு மூடினால் ஈரம் உள்ளே சிக்கி, உப்பு பூத்து, செங்கலே பொடியாகும். அடிச்சுவரின் ஒரு மீட்டர்தான் முதலில் போகும். சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர், இதைத் தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள்.

மழைக்கு முன் உரிமையாளர் ஒப்புதலோடு தூம்பைத் திறக்க வேண்டும். விழுந்த தளத்தின் திறப்பைத் தார்ப்பாயால் மூடுங்கள். தொய்ந்த சட்டங்களுக்குச் சவுக்குக் கம்பும் பலகையும் கொண்டு முட்டு கொடுக்க வேண்டும், ஆனால் பொறியாளர் காட்டிய இடத்தில் மட்டும். சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் வேரோடு கல்லும் வரும். அடியில் வெட்டிக் காயவிடுங்கள்.

வெயில்நிழல்:

250 கிராமுக்குக் கீழே இருக்கிற ட்ரோனா இருந்தாலும் முதல்ல டிஜிட்டல் ஸ்கை (ட்ரோனுக்கான அரசு இணையதளம்) வரைபடத்தைப் பாருங்க. சிவப்பு, மஞ்சள் மண்டலத்துக்கு முன் அனுமதி வேணும். தேனடை இருக்கிற கட்டடத்துக்கு மேல பறக்கவே விடாதீங்க.

இன்னொண்ணு: பொதுவுல போடுகிற படத்தில் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிடுங்க. தேக்குக் கதவையும் மரத்தூணையும் கழற்றிப் பழம்பொருள் கடைக்கு விற்கிறவங்க இந்தப் படங்களைத்தான் மேயறாங்க. பதிவுக்கான பிரதியில மட்டும் இடவிவரம் இருக்கட்டும்.

புல எண்:

மனுவோடு எல்லாப் படத்தையும் கொடுக்காதீர்கள், யாரும் புரட்ட மாட்டார்கள். தளவரைபடம், முகப்பு, உறுதியான அறைகள், சிதைந்த அறை, சட்ட முனைகள் என்று பன்னிரண்டு படம் போதும். அதை மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். மாநிலத்தின் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க முடியும். அறிவிப்பு எளிதில் வராது, ஆனால் மனு கோப்பில் இருந்தால் கேள்வி கேட்காமல் இடிப்பது கடினம்.

அதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் இடிப்புக்கான ஆய்வறிக்கையையும் மதிப்பீட்டையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆய்வே நடக்கவில்லை என்றால் அதுவே உங்கள் வலுவான வாதம்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். ‘இடிக்க வேண்டாம்’ என்பதோடு நில்லாமல், முன்கட்டை நூலகமாகவோ சுய உதவிக் குழுக் கூடமாகவோ பயன்படுத்தலாம் என்று தீர்மானம் கொண்டு வாருங்கள். முன்கட்டும் பின்கட்டும் தனித்தனியாக நிற்பவை என்றால், பின்கட்டு சரியாகும் வரை முன்கட்டு காத்திருக்க வேண்டியதில்லை. தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றிய பின் அதன் நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள்.