நெடுவில் சொல்லிச் செய்யும் முன்: இடப்பக்கம் போகும் அம்பு, அதிரும் கை, அறையும் நாண்

கேள்வி – மன்னார்குடியிலிருந்து

வணக்கம். முனைகள் வெளிப்புறம் வளைந்த ரிகர்வ் வில்லில் சில ஆண்டுகள் பழகிய பிறகு, லாங்போ என்னும் நெடுவில்லின் மீது மனம் சென்றிருப்பதால், அதை என் அளவுக்கே செய்துதரும் ஒருவரிடம் சொல்லிச் செய்யலாம் என்றிருக்கிறேன். அவர் அனுப்பிய படிவத்தில் நீளம் 62 அங்குலம், 28 அங்குல இழுப்பில் விசை 45 பவுண்டு, முழுவதும் யூ மரம் என்று நிரப்பி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.

தயக்கத்துக்குக் காரணம், நண்பரிடம் இரவல் வாங்கி எய்துவரும் நேர் லிம்ப் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) கொண்ட நெடுவில். அதிலும் 28 அங்குலத்தில் 45 பவுண்டு என்றே எழுதியிருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி 20 மீட்டரில் எய்கிறேன். அம்புகள் சிதறுவதில்லை; ஆனால் எல்லாமே குறிக்கு ஒரு சாண் இடப்பக்கம் போய் விழுகின்றன. நான் வலக்கைக்காரன். அம்பை விட்டதும் பிடித்த கை முழங்கை வரை அதிர்கிறது. நாண் மணிக்கட்டின் உட்புறத்தை அறைகிறது. அம்புகள் ரிகர்வில் எய்த அதே கார்பன் அம்புகள்தாம்; இறகு மட்டும் வைத்து ஒட்டிக்கொண்டேன். வில்லின் வடிவத்தை மாற்றிச் செய்யச் சொன்னால் இம்மூன்றும் தீருமா?

பதில் – கும்பகோணத்திலிருந்து

படிவத்தை அனுப்பாமல் வைத்திருப்பது நல்லது. நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டு, எந்த வில்லை வாங்கினாலும் உங்களோடு கூடவே வரக்கூடியவை.

ரிகர்வ் வில்லின் அம்புச் சாளரம், அதாவது அம்பு செல்லக் கைப்பிடிக்கு மேலே வெட்டிய இடம், நடுக்கோட்டைத் தாண்டி வெட்டப்பட்டிருக்கும். நெடுவில்லில் பெரும்பாலும் அந்த வெட்டு நடுக்கோட்டை எட்டுவதே இல்லை. ஆகவே அம்பு நாணில் பூட்டப்பட்ட நிலையிலேயே சற்று இடப்பக்கம் நோக்கி நிற்கிறது. விடும்போது வளைந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு போனால்தான் குறிக்கு நேராகும். அவ்வளவு வளைய மறுக்கும் விறைத்த அம்பு, வலக்கைக்காரருக்கு இடப்பக்கமே போகும். ரிகர்வுக்குப் பொருந்திய ஸ்பைன் (தண்டின் விறைப்பு அளவு) இங்கே விறைப்பாகிவிடுவது வழக்கமானதே. இறகு ஒட்டாத அம்பு ஒன்றை மற்றவற்றோடு சேர்த்து எய்து பாருங்கள். அது மற்றவற்றுக்கும் இடப்பக்கம் போனால் ஐயமே வேண்டாம்.

கை அதிர்வுக்கு வடிவமும் காரணம், அம்பின் எடையும் காரணம். அம்பு கொண்டுபோகாமல் மிச்சம் விட்ட ஆற்றல் லிம்பிலேயே தங்கிக் கையில் வந்து இறங்குகிறது. அம்பு எவ்வளவு இலேசோ அவ்வளவு மிச்சம். இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 8 கிரெய்ன் (அம்பை நிறுக்கும் சிறு எடை அலகு) அம்பெடை இருக்க வேண்டும். மர வில் என்றால் 10 என்று வைத்துக்கொள்வேன். அதற்கும் மிகவும் கீழே போனால் வில்லே முறியக்கூடும், அதுவும் இரவல் வில்.

இவ்வளவு விவரங்கள் தேவை: நீங்கள் உண்மையில் எத்தனை அங்குலம் இழுக்கிறீர்கள், அந்த இடத்தில் விசை எவ்வளவு, ஓர் அம்பின் எடை என்ன, கைப்பிடியின் உட்குழிவிலிருந்து நாண் வரை இடைவெளி எவ்வளவு. விசையை அளக்கப் பெட்டி எடைபோடும் கொக்கித் தராசு போதும். அம்பை நகைக்கடைத் தராசில் வையுங்கள். சமையலறைத் தராசை நம்ப வேண்டாம்.

கேட்டவர்

ஐயா, நன்றி. ரிகர்வில் என் இழுப்பு 28. இந்த வில்லில் முழங்கையைச் சற்று மடக்கிப் பிடிப்பதால் 27தான் வருகிறது. அந்த இடத்தில் கொக்கித் தராசு 19 கிலோ காட்டியது. தெரிந்த பத்தர் அம்பை நிறுத்து 18.5 கிராம் என்றார். முனை 100 கிரெய்ன். நாண் இடைவெளி 6 அங்குலம். இறகில்லாத அம்பு, நீங்கள் சொன்னபடியே, மற்றவற்றுக்கும் இடப்பக்கம் சென்றது.

பதில் – கும்பகோணத்திலிருந்து

19 கிலோ என்பது ஏறக்குறைய 42 பவுண்டு. 18.5 கிராம் ஏறக்குறைய 285 கிரெய்ன். பவுண்டுக்கு 7 கூட வரவில்லை. கை அதிராமல் என்ன செய்யும்!

100 கிரெய்ன் முனையை எடுத்துவிட்டு 200 கிரெய்ன் முனையைப் பொருத்துங்கள். அம்பெடை 385 ஆகும். பவுண்டுக்கு 9 கிரெய்னுக்கு மேல் வந்துவிடும். முனை கனத்தால் தண்டு கூடுதலாக வளையும் என்பதால், இடப்பக்க விலகலும் அதே மாற்றத்தில் குறையும். அளவுக்கு மீறி வலப்பக்கம் போகத் தொடங்கினால், தண்டைப் பின்முனையில் சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள். ஒரேயடியாக வெட்டிவிட்டால் மீட்க வழியில்லை. நாணுக்குச் சில முறுக்குகள் கூட்டி இடைவெளியை 7 அங்குலத்துக்கு ஏற்றினால், மணிக்கட்டில் அறைவதும் பெரும்பாலும் நின்றுவிடும். அதன் பிறகும் அறைந்தால் முழங்கையின் திருப்பத்தைக் கவனியுங்கள்.

இனிப் படிவம். செய்பவர் 28 அங்குலத்தில் 45 பவுண்டு என்று செய்து கொடுத்தால், உங்கள் விரலில் 42தான் நிற்கும். ஆகவே “27 அங்குலத்தில் இத்தனை பவுண்டு” என்றே எழுதுங்கள். நாணில் அம்பு பூட்டும் பள்ளத்திலிருந்து கைப்பிடியின் உட்குழிவு வரை அளந்து, அதோடு 1¾ அங்குலம் கூட்டிச் சொல்வதே இதில் வழக்கம். உங்கள் 27 அப்படி அளந்ததுதானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீளம் 62 வேண்டாம். குட்டையான வில்லில் முழு இழுப்பின்போது நாணின் கோணம் ஒடுங்கி விரல்களை நெரிப்பதோடு, கடைசி அங்குலத்தில் விசை திடீரென்று ஏறும். 66 எழுதுங்கள், நிதானத்தை விரும்பினால் 68. சிறிது வேகம் குறையும், வைக்கோல் கட்டுக்கு அது தெரியப்போவதில்லை.

வடிவத்தில், கைப்பிடிக்கு அருகே லிம்ப் எய்பவரை நோக்கியும் முனைகள் எதிர்ப்புறம் நோக்கியும் மெல்ல வளைந்த ரிஃப்ளெக்ஸ்-டிஃப்ளெக்ஸ் வகை, ஒத்த எடையுள்ள நேர் லிம்பைவிடக் கைக்கு இதமானது. போட்டிக்குப் போகும் எண்ணமிருந்தால், நாண் ஏற்றிய பின் லிம்ப் ஒரே வளைவாக இருக்க வேண்டும் என்றும், நாண் முனைப் பள்ளங்களைத் தவிர வேறெங்கும் லிம்பைத் தொடக்கூடாது என்றும் செய்பவரிடம் சொல்லுங்கள். போட்டியின் நெடுவில் பிரிவில் அம்பும் மரத்தாலானதாக இருக்க வேண்டும்.

பதில் – திருவையாற்றிலிருந்து, மரவேலை செய்பவர்

யூ மரத்தைப் பற்றி ஒரு சொல். 1545-இல் மூழ்கி 1982-இல் கடலிலிருந்து மீட்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த நெடுவில்கள் யூ மரத்தவை. அம்மரத்தின் பெருமையில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அது குளிர் நாட்டு மரம், வெப்பத்தில் தளர்ந்து விசை குறையும் இயல்புடையது. நம் சித்திரை வெயிலும், ஆற்றுப்படுகையின் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் முழு மர வில்லுக்குப் பகை. ஈரம் ஏறிய மரம் நாணை அவிழ்த்த பிறகும் வளைந்தே நிற்கும். பிறகு பழைய விசை திரும்புவதில்லை. மூங்கிலை உள்ளே வைத்து இருபுறமும் ஃபைபர் கிளாஸ் ஒட்டிய வில்லையே நான் சொல்வேன். மூங்கில் இலேசானது என்பதால் லிம்பும் சுறுசுறுப்பாக மீளும். அந்த வில்லையும் வெயிலில் நிறுத்திய காருக்குள் விடக்கூடாது, பசை இளகும்.

எய்து முடித்ததும் நாணை அவிழ்த்து, சுவர் மூலையில் சாத்தாமல் இரண்டு ஆணிகளின் மேல் கிடையாக வையுங்கள்.

பதில் – மயிலாடுதுறையிலிருந்து

மேற்சொன்னவற்றை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. அதிர்வுக்குப் பயந்து நேர் லிம்பை ஒதுக்கிவிட வேண்டாம். கனமான அம்போடு அதன் நிதானத்தை அனுபவித்த பிறகு பலர் வேறு வடிவத்துக்குத் திரும்புவதில்லை. முனையை மாற்றிச் சில வாரங்கள் இரவல் வில்லிலேயே எய்துவிட்டு, அதன் பின் வடிவத்தைத் தீர்மானியுங்கள். நாணைப் பொறுத்தவரை, லிம்ப் முனைகள் வலுவூட்டப்படாத வில்லுக்கு டாக்ரான் (சற்று நீண்டு கொடுக்கும் பாலியெஸ்டர் இழை) நாண் மட்டுமே.

இன்னொன்றையும் படிவத்தில் காணோம். நீங்கள் ஒரு விரலை அம்புக்கு மேலும் இரண்டைக் கீழும் வைத்து இழுப்பவரா, மூன்றையும் கீழே வைப்பவரா? முதல் முறைக்குக் கீழ் லிம்பைச் சற்று விறைப்பாகவும், இரண்டாவதற்கு இரண்டையும் ஏறக்குறைய சமமாகவும் இழைப்பார்கள். செய்பவர் கேட்கவில்லையென்றாலும் நீங்களே எழுதிவிடுங்கள். வில்லை இழைத்து முடித்த பிறகு அதைச் சரிசெய்வது கடினம்.