காய்ச்சல் வாரங்கள்: எமர்ஜென்சியில் நீங்க பார்த்தது என்ன?

இரவுப்பணி:
பல வருஷமா எமர்ஜென்சியில் நர்ஸா இருக்கேன். சீசன் ஆரம்பிச்சிருச்சுன்னு லேப் ரிப்போர்ட்டுக்கு முன்னாடியே எங்க ரெஜிஸ்டர் காட்டிக் கொடுத்துடும். ஒரே பக்கத்தில் "காய்ச்சல், இருமல்" வரிசையா விழும். பெரும்பாலும் முதல்ல ஸ்கூல் பிள்ளைங்க வருவாங்க. ஒன்றிரண்டு வாரத்தில் அவங்க வீட்டுத் தாத்தா பாட்டி. பிள்ளைங்க மருந்து வாங்கிட்டுப் போயிடுவாங்க, பெரியவங்களுக்குத்தான் பெட் தேவைப்படும். அதனால பிள்ளைங்க கூட்டம் கூடும்போதே ஆக்சிஜன் பெட் எத்தனை காலின்னு பார்த்து வச்சுக்குவோம்.

திங்கட்கிழமை கூட்டத்தைப் பார்த்துப் பயந்துடாதீங்க. சனி, ஞாயிறு தள்ளிப்போட்டவங்களும் அன்னிக்குத்தான் வருவாங்க. எந்த சீசன்லயும் அப்படித்தான்.

பதிவறை:
சிஸ்டர் சொல்ற ரெஜிஸ்டர்ல இருந்துதான் நான் வாரக் கணக்கு எடுக்கிறேன். தலை எண்ணிக்கை மட்டும் போதாது. வந்தவங்கள்ல நூத்துக்கு எத்தனை பேர் காய்ச்சல் இருமல்னு பார்க்கணும். இதுலயும் நீண்ட விடுமுறை வாரம் குழப்பும். கிளினிக் எல்லாம் மூடியிருக்கும், லேசான காய்ச்சலும் எமர்ஜென்சிக்கே வரும், சதவீதம் எகிறும். அடுத்த வாரம் இறங்கினா நோய் அடங்கிடுச்சுன்னு நினைச்சுடக் கூடாது.

கூட்டம் குறையறதும் எப்பவும் நல்ல சேதி இல்லை. 2020 ஏப்ரல் வாக்கில் அமெரிக்காவில் எமர்ஜென்சி வருகை முந்தின வருஷத்தைவிட 42 சதவீதம் குறைஞ்சது. நெஞ்சுவலி, மாரடைப்புன்னு வர்றவங்களும் குறைஞ்சாங்க. தொற்றுக்குப் பயந்து வீட்டிலேயே தங்கினவங்களை நினைச்சா இன்னும் மனசு கனக்குது.

ஒரு வேண்டுகோள்: "உடம்பு சரியில்லை"ன்னு மட்டும் சொன்னா எந்தக் கணக்கிலும் சேராது. உலக சுகாதார நிறுவனத்தோட வரையறைப்படி 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதுக்கு மேல காய்ச்சல், கூட இருமல், 10 நாளுக்குள்ள ஆரம்பிச்சதுன்னா ஃப்ளூ மாதிரிக் காய்ச்சல். எத்தனை நாளா, எவ்வளவு டிகிரின்னு சொல்லுங்க.

சின்னவள்_அப்பா:
பெரியவன் ஸ்கூல்ல இருந்து கொண்டுவந்த சளி, கைக்குழந்தைக்கு ஒட்டிக்கிச்சு. காய்ச்சல் பெரிசா இல்லைங்கிறதால நாங்க பதறலை. எமர்ஜென்சியில் சிஸ்டர் தெர்மாமீட்டரைத் தொடவே இல்லை. சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே வயிறு ஏறி இறங்கறதை எண்ணினாங்க. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது, மூக்கு விடைச்சது. "பால் எவ்வளவு குடிச்சா? கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனா?" இதுதான் கேட்டாங்க. உடனே ஆக்சிஜன். ஆர்எஸ்விங்கிற சளி வைரஸால நுரையீரலோட சின்னச் சின்ன மூச்சுக்குழல்கள்ல வந்த அழற்சின்னு டாக்டர் சொன்னார். அந்த வாரம் வார்டு முழுக்க இதே மாதிரிக் குழந்தைங்கதான். சிஸ்டர், வீட்டிலேயே எப்படி எண்ணறது?

இரவுப்பணி:
தம்பி, பாப்பா அழாம இருக்கும்போது, முடிஞ்சா தூங்கும்போது, ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. 2 மாசத்துக்குக் கீழே 60, 2 முதல் 12 மாசம் வரை 50, அதுக்கு மேல 5 வயசு வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு, அன்னிக்கே காட்டிடணும். நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்காம சோர்ந்து கிடந்தாலோ எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, உடனே கிளம்பிடுங்க.