இயக்குநரின் சொந்த வலி பேயின் உருவத்தில் எப்படி இறங்கும்?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பேய்க் குறும்படம் எடுக்கப் போகிறோம். சொந்த வலியைப் பேயாக்குவது எப்படி? முகத்துக்கு ரப்பர் பால் பூசலாமா அண்ணே?

பதில் 1:
கனடா இயக்குநர் டேவிட் குரோனன்பெர்க் தன் விவாகரத்து, மகளை யார் வளர்ப்பது என்ற சண்டை எல்லாவற்றையும் 1979இல் ‘தி புரூட்’ என்ற திகில் படமாக்கினார். தாயின் கோபமே பிள்ளைகளாகப் பிறந்து கொல்கிறது. நடந்ததை அப்படியே காட்டவில்லை, ஓர் உணர்ச்சிக்கு உடம்பு கொடுத்தார். நீங்களும் ஒன்றையே எடுங்க தம்பி. மூன்றைக் கலந்தால் பேய்க்குக் குணமே இருக்காது.

பதில் 2:
தோட்டத்துப் பால் வேண்டவே வேண்டாம். உறையாமலிருக்க அமோனியா கலப்பார்கள். கண்ணும் தோலும் எரியும். ஒப்பனைக்கென்றே விற்கும் ரப்பர் பாலை (லேடெக்ஸ்) வாங்கி, முந்தின நாளே முழங்கை உட்புறத்தில் பூசிப் பாருங்க. புருவத்தில் வாசலின் தடவாவிட்டால் முடியோடு பிய்ந்து வரும். மெல்லிசாகப் பூசி, காய்ந்தபின் அடுத்த பூச்சு. நம்ம ஊர் புழுக்கத்தில் வாயோரம்தான் முதலில் பிரியும்.